தூரத்து விமானத்தில் எதை விடலாம்?



உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்: "சிமுலேட்டரில் தூரத்து விமானம் மொழுமொழுவென்று பொம்மை மாதிரி இருக்கிறது. கிட்டே வந்ததும் சட்டென்று மாறுகிறதே, ஏன் சார்?" பதில் கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு கோபுரம் 1906இல் கட்டியது, சுமார் 120 அடி. தூரத்தில் வடிவம் மட்டும் தெரியும். மாட வீதிக்கு வந்தால் நிறங்கள். வாசலில் நின்று அண்ணாந்தால்தான் சுதைச் சிற்பங்களின் விரல்கள். கோபுரம் மாறவில்லை, கண்தான் விட்டுவிடுகிறது. கணினிக்கு அந்தச் சலுகை இல்லை. நூறு விரலும் திரையில் ஒரே புள்ளியில் விழுந்தாலும், நாம் சொல்லாவிட்டால் நூறையும் கணக்குப் போடும். நொடிக்கு முப்பது முறையாவது படம் மாற வேண்டிய இடத்தில் இது தாங்காது. படம் திக்கும், கைக்கும் கண்ணுக்கும் ஒத்துப்போகாது, தலை சுற்றும்.

முதல் சிமுலேட்டர்களில் இந்தத் தொல்லையே இல்லை. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்த பெட்டியில் வெளிக்காட்சி கிடையாது. அவர் குடும்பத்துக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழில், அதனால் துருத்திகளை வைத்தே பெட்டியை ஆட்டினார். பிறகு சுவர் அளவுக்கு ஊரின் மாதிரியைச் செய்து, அதன்மேல் டிவி கேமராவை நகர்த்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் கணினிப் படம் வந்தது. அதுவும் இரவுக் காட்சி மட்டும், விளக்குப் புள்ளிகள் மட்டும்! எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஓடுபாதையின் இரண்டு விளக்கு வரிசைகள் விரியும் விதத்தை வைத்தே விமானிகள் தரையிறங்கப் பழகினார்கள். புல்லும் கட்டடமும் தேவைப்படவில்லை.

1976இல் ஜேம்ஸ் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் சிலிக்கான் கிராஃபிக்ஸ், நெட்ஸ்கேப் நிறுவனங்களைத் தொடங்கியவர் இவர்தான். (அடையாறை ஒட்டிய நம் ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்து அப்போது மூன்று வருடம்.) ஒரே பொருளுக்குப் பல மாதிரிகளை அடுக்கி வை, திரையில் அது எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதற்கேற்ற மாதிரியை எடு என்றார். இதற்கு இன்றைய பெயர் 'லெவல் ஆஃப் டீடெய்ல்', சுருக்கமாக எல்ஓடி. நானும் ஆறாம் வகுப்பில் அணுவை உருண்டையாகத்தானே வரைந்தேன்!

இன்றும் இரண்டு வழிகள் உண்டு. ஃப்ளைட்கியரில் மாதிரி செய்பவர் மீட்டர் கணக்கில் தூரத்தைச் சொல்லிவிடலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் திரையில் பிடிக்கும் அளவைப் பார்க்கிறது. இரண்டாவதே சரி என்பது என் கட்சி. தூரத்தை மட்டும் நம்பினால், ஜூம் செய்தவுடன் பொம்மை அம்பலமாகிவிடும். நண்பர் பார்த்த 'சட்டென்று' மாறும் இடம், ஒரு மாதிரி போய் அடுத்தது வரும் எல்லை. இரண்டுக்கும் உருவ வித்தியாசம் அதிகமென்றால் கண்ணுக்குத் தட்டும்.

எதை முதலில் எறிவது? காக்பிட் உள்பகுதி, ஆணி, சக்கரத்தின் குழாய்கள், ஜன்னல்கள் என்று போகலாம். இறக்கையின் அகலமும் வால் உயரமும் கடைசி வரை இருக்க வேண்டும். விளக்குகளைத் தொடவே கூடாது. விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, பின்னால் வெள்ளை. இரவில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது நமக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. இரண்டு நிறமும் தெரிந்து, சிவப்பு நமக்கு வலப்பக்கம் இருந்தால் நம்மை நோக்கியே வருகிறது. முக்கோணங்களைக் குறைக்கிறேன் என்று யாராவது இதையும் எறிந்தால், பயிற்சி விமானி எதிரே வருவதை அறியாமலே பழகுவார்.

மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் கடல் பக்கமிருந்து அடையாறு மேலாக வரும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் இருட்டியதும் மாடிக்குப் போய், முதலில் என்ன தெரிகிறது, ஜன்னல் எப்போது தெரிகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.