எண்ணிக்கையும் காப்பும்: இந்தியப் புலிக் கணக்கெடுப்பு வரலாறு தரும் படிப்பினை

முன்னுரை

மக்கள்தொகைக் கணக்கு ஓர் அரசின் திட்டங்களுக்கு அடிப்படையாவதைப் போலவே, காட்டுயிர்க் கணக்கும் காப்புத் திட்டங்களுக்கு அடிப்படையாகிறது. ஆயின், கணக்கெடுக்க வருவோருக்கு மக்கள் விடையளிப்பர், புலி அளிப்பதில்லை. எனவே, எத்தனை புலிகள் உள்ளன என்னும் வினாவுடன், அவை எவ்வாறு எண்ணப்பட்டன என்னும் வினாவும் சேர்ந்தே எழ வேண்டும். இந்திய வரலாற்றில் இவ்விரண்டாம் வினா பெற்ற இடத்தை இக்கட்டுரையில் காண்போம்.

காலடித் தடக் கணக்கு

1972ஆம் ஆண்டில் நாடு தழுவிய முதற் புலிக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதன்படி எஞ்சியிருந்தவை 1,827 புலிகள். அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஓர் எண் ஒரு நாட்டின் கொள்கைக்கு வலுவூட்டியமைக்கு இது நல்ல சான்றாகும்.

அக்காலத்தில் வனப் பணியாளர்கள் புலியின் காலடித் தடத்தைக் கண்ணாடியின்மேல் வரைந்தும் அச்செடுத்தும் எண்ணினர். ஒவ்வொரு புலியின் தடமும் வேறுபட்டது என்பது இம்முறையின் எடுகோள். ஆனால், மண்ணின் தன்மைக்கும் நடையின் வேகத்திற்கும் ஏற்ப ஒரே புலியின் தடமும் மாறக்கூடும். மேலும், காக்கும் பொறுப்புடையோரே எண்ணும் பொறுப்பையும் ஏற்றிருந்தனர். எண்ணிக்கை குறைந்தால் அது அவர்தம் பணியின் குறையாகவே கருதப்படும். இந்நிலையில், 2001-02ஆம் ஆண்டுக் கணக்கு 3,642 புலிகளைக் காட்டியது.

சரிஸ்கா உணர்த்திய உண்மை

இராசத்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2004ஆம் ஆண்டில் 16 முதல் 18 புலிகள் வரை உள்ளதாகப் பதிவாகியிருந்தது. 2005இல் அங்கு ஒரு புலிகூட இல்லை என்பது உறுதியானது. கள்ள வேட்டை புலிகளை அழித்துக்கொண்டிருந்த வேளையிலும் ஏடுகளில் அவை வாழ்ந்துகொண்டிருந்தன. தவறான எண், செயற்பட வேண்டிய காலத்தையே மறைத்துவிட்டது எனலாம்.

இதன்பின் அமைக்கப்பெற்ற புலிப் பணிக்குழு, கணக்கெடுப்பு முறையை மாற்றுமாறு பரிந்துரைத்தது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளும் புள்ளியியல் முறைகளும் கையாளப்பட்டன. கைரேகையைப் போலவே புலியின் வரிகளும் ஒன்றற்கொன்று வேறுபடுவன. முன்னர்ப் படத்தில் பதிவான புலிகள் மீண்டும் எவ்வளவு பதிவாகின்றன என்பதைக் கொண்டு, பதிவாகாதவற்றையும் மதிப்பிட இயலும். 2008இல் வெளியான முடிவு 1,411. இதனை 3,642உடன் ஒப்பிட்டு, இடைப்பட்ட புலிகள் அனைத்தும் மடிந்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. முறையே மாறியுள்ளது என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். எனினும் அச்சிறிய எண்ணே செயலை விரைவுபடுத்தியது. 2008இல் ரந்தம்பூரிலிருந்து சரிஸ்காவிற்குப் புலிகள் கொண்டுவரப்பட்டன.

நான்காண்டிற்கு ஒருமுறை தொடரும் இக்கணக்கெடுப்பு, 2022இல் சராசரியாக 3,682 புலிகள் என மதிப்பிட்டது. இவ்வளர்ச்சியில் புலிகளின் பெருக்கத்துடன், ஆராயப்பட்ட பரப்பின் விரிவும் கலந்துள்ளது. 2015இல் ஆய்வாளர் சிலர் இம்மதிப்பீட்டு முறையின் ஒரு பகுதியை வினவியதும் குறிப்பிடத்தக்கது.

மலேசியச் சூழல்

இப்படிப்பினை நம் நாட்டிற்கும் உரியதே. 1950களில் தீபகற்பத்தில் 3,000 புலிகள் இருந்ததாகப் பரவலாக எடுத்தாளப்படும் எண், முறையான கணக்கெடுப்பின் விளைவன்று. அது ஓர் ஊகமே. 2008ஆம் ஆண்டுத் தேசியப் புலிச் செயல்திட்டம் 2020க்குள் 1,000 புலிகளை எட்ட இலக்கு வகுத்தது. ஆனால், 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதல் தேசியப் புலி ஆய்வு, 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளதாக உணர்த்தியது. இலக்கு முன்னரே எழுதப்பட்டது. கணக்கு பின்னரே வந்தது.

முடிவுரை

எண்ணிக்கை உயிரினத்தைக் காப்பதில்லை, காப்போருக்கு வழிகாட்டுகிறது. அவ்வழிகாட்டல் பயன்பட வேண்டுமாயின், எண்ணுவோர் காப்போரினின்று வேறாதல் வேண்டும். முறை வெளிப்படையாதல் வேண்டும். குறைந்த எண்ணைக் கூறுவோர் பழிக்கப்படாதிருத்தல் வேண்டும். சரிஸ்காவில் புலிகள் அற்றுப்போனதை ஏடுகள் உரிய காலத்தில் உரைக்கவில்லை. 150க்கும் குறைவு என்னும் உண்மை நமக்கு உரிய காலத்திலேயே கிட்டியுள்ளது. அதனைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதே நம்முன் உள்ள வினாவாகும்.