ஒரே பொருள்

பெங்களூர் சிவாஜிநகரில் 1882-இல் எழுந்த புனித மரியன்னை ஆலயத்தில், தமிழ்த் திருப்பலிக்கு வருவோர் எழுந்துநின்று விசுவாச அறிக்கை சொல்வர். மகன் தந்தையோடு ‘ஒரே பொருள்’ ஆனவர் என்று அதில் ஓரிடம் வரும். நாவிற்குப் பழகிய சொல். ஆயினும் அதன் பின்னே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பூசல் இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நகரத்துக் குரு ஆரியுஸ், மகன் தந்தையால் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். பூசல் முற்றவே, பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் ஆயர்களை நிசேயா நகரில் கூட்டினார். ‘ஹோமோஊசியோஸ்’ என்ற சொல் அறிக்கையில் ஏறியது. ஒரே ‘ஊசியா’ உடையவர் என்பது அதன் கருத்து. இச்சொல் திருமறையில் இல்லையே என்று பலர் தயங்கினர். நியாயமான தயக்கமே. ‘ஒத்த’ ஊசியா என்றால் போதாதா என்போரும் பின்னர்த் தோன்றினர். கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. நிசேயாவின் முடிவைக் காத்துநின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கமே அம்முடிவை நிலைபெறச் செய்தது. அந்நகரில் ரொட்டி விற்பவனும் விலை சொல்லாமல் இவ்வாதத்தையே பேசுகிறான் என்று நீசா நகர் ஆயர் கிரகோரியார் சலித்துக்கொண்டதும் உண்டு.

‘ஊசியா’ அன்றாட வழக்கில் சொத்தையும் குறிக்கும். ஊதாரி மைந்தன் உவமையில், தந்தை பங்கிட்ட சொத்துக்கு லூக்கா ஆண்ட சொல் அதுவே. நம் ‘பொருள்’ என்ற சொல்லும் அத்தகையதன்றோ? பொருளீட்டவே நம்மிற் பலர் ஊர்விட்டுப் பெங்களூர் வந்தோம். மெய்ப்பொருள் என்று பேசுவதும் அச்சொல்லாலேதான். இத்துணைப் பொருத்தம் மொழிபெயர்ப்பில் எளிதில் வாய்ப்பதன்று.

சமயச் சொற்கள் தமிழில் ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அத் தம்பிரானுக்குப் பின் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனப் பல சொற்கள் வழங்கின. திருப்பலியில் இலத்தீனின் இடத்தைத் தமிழ் பெற்றதோ, 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்தை ஒட்டியே.

கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயிலும் நம் பிள்ளை, “பொருள் என்றால் கடைச்சாமானா?” என்று கேட்கலாம். நகைக்க வேண்டா. ஊசியா என்றால் உடலைப்போல் கூறுபடும் பண்டமோ என்ற ஐயம் நிசேயாவிலேயே எழுந்தது. அவ்வாறு கொள்ளற்க என்று பேரரசரே விளக்கினார் எனச் செசரியா ஆயர் யூசேபியுஸ் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார்.