கோட்டைச் சிறை – 9: விஜேவீர வெளியே வருகிறார்

1971 ஏப்ரல் 5. நாடெங்கும் பொலிஸ் நிலையங்களை இரவு பதினொன்றரை மணிக்கு ஒரே நேரத்தில் தாக்குவதென்று ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நாள் குறித்திருந்தது. வெல்லவாயவில் மட்டும் அவசரப்பட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டார்கள், அரசு விழித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் அன்று ஒரு முயற்சி இருந்தது. ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் அப்போது இருந்த மறியற்சாலையில், மார்ச் மாதம் அம்பாறையில் பிடிபட்ட ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீர அடைக்கப்பட்டிருந்தார். அவரை மீட்பதே நோக்கம். அது பலிக்கவில்லை.

நம் பெரியவர்கள் இன்றும் 'சேகுவேராக் குழப்பம்' என்று சொல்கிற அந்த நாட்களில் தெற்கே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். இத்தனை பேரைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தினால் வழக்கு நிற்காது என்று சிறிமாவோ அரசு அஞ்சியது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நம் சான்றுச் சட்டப்படி செல்லாது. அடித்து வாங்கியதா, அச்சுறுத்தி வாங்கியதா என்று எவரும் உறுதி சொல்ல முடியாதே! அந்தப் பாதுகாப்பைத்தான் 1972இன் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் அகற்றியது. நடந்து முடிந்த குற்றங்களுக்குப் பிறகு வந்த சட்டம், அந்தக் குற்றங்களையே விசாரித்தது. பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ தலைமையிலான ஆணைக்குழு 1974 டிசம்பரில் விஜேவீரவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பின்னர் அது 20 ஆண்டாகக் குறைந்தது.

அந்த 20 ஆண்டும் கழியவில்லை. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தன வென்றார். ஆணைக்குழுச் சட்டம் நீக்கப்பட்டது. நவம்பர் 2ஆம் திகதி விஜேவீர வெளியே வந்தார்.

சட்டத்தை நீக்கியது சரியான செயல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆயுதம் ஏந்தித் தண்டிக்கப்பட்ட ஒருவர் வெளியே வந்தபின் அவரைச் சமூகத்தோடு எப்படி இணைப்பது, எதை அனுமதிப்பது, எதைக் கண்காணிப்பது என்று அரசு ஒரு முறையும் வகுக்கவில்லை. அவராகவே தேர்தல் வழிக்கு வந்தார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் 2,73,428 வாக்குகளோடு மூன்றாம் இடம். மறுவருடம் ஜூலைக் கலவரத்தின் பழியை அரசு ஜே.வி.பி.யின் மேல் போட்டுக் கட்சியைத் தடைசெய்தது. பழி நிரூபிக்கப்படவே இல்லை. பகிரங்க அரசியலில் நின்றவரை மீண்டும் தலைமறைவுக்குத் தள்ளியது அந்தத் தடைதான் என்பது என் கணிப்பு. 1987 முதல் 1989 வரை தெற்கு மறுபடி இரத்தத்தில் மூழ்கியது. அவரும் 1989 நவம்பரில் கொல்லப்பட்டார்.

நமது கதை 1977க்கே திரும்ப வேண்டும். செல்லாது என்று ஜே.ஆர். அரசு தூக்கியெறிந்த அந்த வாக்குமூல விதி குப்பைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டே வருடத்தில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவாக அது திரும்பி வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம் செல்லும். தானாகக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில். 2022இல் திருத்தப்படும் வரை, வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை தடுத்து வைக்கவும் முடிந்தது. 11ஆம் பிரிவின்படி, மறியலில் இல்லாதவரையும் அமைச்சர் ஓர் உத்தரவால் குறிப்பிட்ட ஊருக்குள் கட்டிப்போடலாம். தெற்கின் இளைஞர்களுக்குக் கூடாது என்று தள்ளப்பட்டது, இந்த முறை யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு.

அந்தச் சட்டம் பாராளுமன்றத்தைத் தாண்டுமுன்பே, 1979 ஜூலை 11ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனமானது. டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு பிரிகேடியர் வீரதுங்க வந்திறங்கினார். மூன்றே நாளில் பண்ணைப் பாலத்தருகே இரண்டு இளைஞர்களின் உடல்கள் கிடந்தன. அவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போனவர்கள் யார்?

(அடுத்த வாரம்)