இரட்சாபந்தனம்: காப்பு நூலின் சமூக வரலாறு

சிராவண மாதப் பூரணை நாளன்று சகோதரி தன் சகோதரனின் மணிக்கட்டில் நூற்காப்பொன்றைக் கட்டுவதும், அவன் அவளுக்குப் பணமோ பரிசோ வழங்கி அவளைக் காப்பதாக உறுதி கூறுவதும் வட இந்திய இந்துக்களிடையே நிலவும் இரட்சாபந்தன விழாவின் மையக் கூறுகளாகும். ‘ராக்கி’ என வழங்கும் இக்காப்பு, தொன்றுதொட்டே உடன்பிறப்புப் பாசத்தின் சின்னமாக விளங்கி வந்துள்ளது என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, நூலைக் கட்டியோரும் அதனைப் பெற்றோரும் காலத்துக்குக் காலம் மாறியிருத்தலைக் காணலாம். யார் யாருக்குக் காப்புக் கட்டினர், அதற்கு ஈடாக எதனைப் பெற்றனர் என்னும் வினாக்களே இவ்விழாவின் சமூக அடிப்படையைத் தெளிவுபடுத்த வல்லன.

இவ்விழாவுக்குச் சான்றாகக் காட்டப்படும் பவிடிய புராணப் பகுதியில் சகோதரிக்கு இடமில்லை. அசுரரோடு பொருத இந்திரனுக்குக் காப்புக் கட்டப்பட்ட கதையில் இடம்பெறும் பெண் அவன் மனைவி சசியே. சடங்கு விதியோ, அரசனுக்குப் புரோகிதன் காப்புக் கட்டவேண்டும் எனக் கூறுகின்றது. ஆகவே நூல் நெறியில் இது போர்வெற்றியையும் நலத்தையும் வேண்டி, குருத்துவம் அரசுக்கு வழங்கிய மந்திரக் காப்பாகும். தென்னாட்டில் யசுர்வேத அந்தணர் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டம் இதே பூரணையை ஒட்டி நிகழ்வதும் ஈண்டு கருதத்தக்கது. ஒரே நாளில் நாட்டின் இரு பகுதிகளிலும் நூல் அணியும் சடங்குகள் நிகழ்ந்தபோதிலும், உடன்பிறந்தோர் உறவு வடபுலத்திலேயே அந்நாளின் பொருளாயிற்று.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு மானிடவியலாளர் மக்கிம் மரியற்றின் ஆய்வு பெரிதும் துணைபுரிகின்றது. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் கிசன்கடி எனப் புனைபெயர் சூட்டி அவர் எழுதிய கட்டுரை 1955இல் வெளிவந்தது. அவ்வூரில் அந்நாளில் இரு சடங்குகள் அருகருகே நிகழ்ந்தமையை அவர் பதிவு செய்துள்ளார். ‘சலூனோ’ என்னும் நாட்டார் விழாவிற் பெண்கள் தம் சகோதரரின் தலையிலும் காதிலும் வாற்கோதுமை முளைகளைச் சூட்டிச் சிறு நாணயங்களைப் பெற்றனர். மறுபுறம், பிராமணப் புரோகிதர் தம்மை ஆதரிக்கும் குடும்பத்தலைவரின் கையில் வண்ணநூல் கட்டிக் காசு பெற்றனர். சகோதரியின் சடங்கும் புரோகிதரின் சடங்கும் ஒரே மாற்றநிகழ்வின் இரு முனைகள் போலத் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து. இன்று புரோகிதரின் நூல் பின்தங்க, கடையில் வாங்கிய ராக்கியைச் சகோதரி கட்டுவதே விழாவாகிவிட்டது.

சலூனோ நாளிற் கணவன்மார் தம் மனைவியரை அழைத்துச்செல்ல அவர்களது பிறந்தகத்துக்கு வந்தனர் என்னும் செய்தி முக்கியமானது. வட இந்தியாவின் பல பகுதிகளிற் பெண்ணைத் தன் ஊருக்கு அப்பால், உறவல்லாத குடும்பத்தில் மணஞ்செய்து கொடுத்தலே வழக்கம். இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய நூலில் விளக்கியவாறு, தெற்கின் மாமன்-மச்சான் மணமுறையிற் புகுந்த வீடும் பலவேளைகளில் உறவினர் வீடே. வடக்கிலோ மணமகள் அந்நியரிடையே வாழப் போகின்றாள். தந்தைக்குப் பின் அவளுக்குப் பிறந்தகம் என்பது சகோதரனின் வீடே. அந்த வாயில் அடைபடாதிருக்க ஆண்டுதோறும் உறுதிப்படுத்தப்படவேண்டிய உறவே ராக்கியின் பொருள் எனலாம்.

உடன்பிறவாதாரை உடன்பிறந்தாராக்கும் ஆற்றலும் இந்நூலுக்கு உண்டு. குசராத்தின் பகதூர்சா சித்தூரை முற்றுகையிட்டபோது இராணி கர்ணாவதி முகலாய மன்னன் உமாயூனுக்கு ராக்கி அனுப்பினாள் என்னும் கதையைப் பரப்பியதில், 1829-1832 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த ஜேம்ஸ் டொட்டின் இராசத்தான் வரலாற்றுக்குப் பெரும்பங்குண்டு. சமகால ஆசிரியர் எவரும் இதனைக் குறிப்பிடாமையால் வரலாற்றாசிரியர் சதீஷ் சந்திரா இதன் உண்மையை ஐயுற்றார். 1535இற் சித்தூர் வீழ்ந்த பின்னரே உமாயூன் பகதூர்சாவைத் தாக்கினான் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இராசபுத்திர சமூகத்தில் ஐரோப்பிய நிலமானிய முறையின் சாயலைக் கண்ட டொட்டுக்கு, வீரனும் அபலைப்பெண்ணும் அமைந்த இக்கதை உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, ஐயத்துக்கிடமற்ற வரலாற்று நிகழ்ச்சி 1905ஆம் ஆண்டினது. வங்காளப் பிரிவினை நடைமுறைக்கு வந்த ஒக்ரோபர் 16ஆந் திகதி, இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பையேற்று மக்கள் கல்கத்தா வீதிகளில் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டினர். இந்துக்களும் முசிலிம்களும் உடன்பிறந்தோர் என்பதே அதன் முழக்கம். அந்நாள் சிராவணப் பூரணையன்று. சமயநாள் துறந்து அரசியல்நாள் ஏற்ற சடங்கு அது. ஆயினும் கிழக்கு வங்காளத்தில் நிலக்கிழார் பெரும்பாலும் இந்துக்களாகவும் குடியானவர் பெரும்பாலும் முசிலிம்களாகவும் இருந்த முரண்பாட்டை நூலொன்றினாற் கட்டிவிட முடியவில்லை. அந்நியத் துணி பகிட்கரிப்பு வறிய முசிலிம் வணிகரை வருத்தியமையைத் தாகூரே 1916இல் நூலுருப்பெற்ற ‘வீடும் உலகும்’ நாவலிற் சித்திரித்தார்.

வீட்டினுள்ளும் இத்தகைய முரண்பாடொன்று உண்டு. அது சொத்துரிமை பற்றியது. மிதாட்சர முறையிற் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன் பிறப்பாலேயே பங்காளியானான். மகளுக்கு அவ்வுரிமை இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் இவ்வேற்றுமையை முற்றாக நீக்கவில்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தமே மகளையும் பிறப்பாற் பங்காளியாக்கியது. அத்திருத்தத்தின்போது தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் இந்திய உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் சகோதரனின் நல்லெண்ணத்தை இழக்க அஞ்சியே பல பெண்கள் தம் நிலப்பங்கை விட்டுக்கொடுக்கின்றனர் என்பதைப் பினா அகர்வால் 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். நிலம் அவனிடமும் நூல் அவளிடமுமாக அமைந்த இவ்வேற்பாட்டில், ஆண்டுக்கொரு பரிசு விட்டுக்கொடுத்த பங்கின் நிழலாகவே அமைகின்றது.

இதனால் ராக்கி வெறும் ஏமாற்று எனக் கூறுதல் பொருந்தாது. புகுந்த வீட்டிற் கொடுமைக்குள்ளான பெண்ணொருத்திக்குச் சகோதரனின் வருகை மெய்யான பாதுகாப்பாக இருந்திருக்கும். விழாவில் வெளிப்படும் அன்பும் பொய்யன்று. ஆயின் காப்பை வேண்டி நிற்பவளாகப் பெண்ணை ஆக்கியது அவளது இயல்பன்று, அவளை உடைமையற்றவளாக்கிய சமூக அமைப்பே. புரோகிதனிடமிருந்து சகோதரிக்கும், அரண்மனையிலிருந்து வீதிக்கும் இடம்பெயர்ந்த இந்நூல் இன்னொரு முறையும் பொருள் மாறக்கூடும். தன் பங்கைப் பெற்ற சகோதரி, அதனை மனமுவந்து பகிர்ந்த சகோதரனுக்குக் கட்டும் நாளில், அது அடைக்கலம் கோரும் நூலாகவன்றிச் சமமானோரின் உறவைக் குறிக்கும் நூலாக அமையும்.