தோட்டத்துப் பள்ளிகள் – 14: ஒரே திடல், இரண்டு அறை

சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. ஓவியப் பாடத்துக்கு மணி அடித்ததும் சிறப்பு வகுப்புப் பையன் ஒருவன் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பொது வகுப்பை நோக்கித் திடலைக் கடந்தான். "நாற்காலி எதுக்கு தம்பி?" என்றேன். "அங்க எனக்கு இல்ல சார்."

பால் மரக் காலத்தில் அந்தத் திடலுக்கே அவன் வந்திருப்பானா என்பது சந்தேகம்தான். பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். ஒரே வாத்தியார் பல வகுப்புகளைக் கட்டி மேய்த்த தோட்டத்துப் பள்ளியில் பிரெய்லுக்கு ஏது இடம்?

கெடாக்காரர்களுக்குக் கிட்டிய வழி, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குக்குப் போவது. 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் 1931இல் பினாங்குக்கு வந்தது. தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோர் பள்ளி 1954இல் எழுந்தது. வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். சைகைக்கு வகுப்பில் இடம் கிடைக்க 1970களின் பிற்பகுதி ஆயிற்று. படிப்பு வேண்டுமென்றால் பிள்ளை லயத்தை விட்டு விடுதிக்குப் போகவேண்டும்.

பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே படிக்கவைக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது 1962இல். கற்றல் குறைபாடுள்ளோருக்கு முன்னோடி வகுப்பு 1988இல், அதுவும் கோலாலம்பூரில்.

1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் கூடிய நாடுகள், எல்லாப் பிள்ளைக்கும் பொதுப்பள்ளியே என்றன. நம் நாட்டில் 1997இல் வந்த சிறப்புக் கல்வி விதிகளோ, "கல்வி பெறத்தக்கவர்" என்றொரு வாசற்படி வைத்தன. பிறர் துணையின்றித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் வகுப்பு. கழிப்பறைக்கு ஆள் துணை வேண்டுமா? வாசலோடு நிற்கவேண்டியதுதான். பள்ளிக்கூடம் எதற்கு என்ற கேள்வியையே தலைகீழாக்கிய விதி இது என்பேன்.

2013இல் விதிகள் திருத்தப்பட்டன. சேரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மிகாத சோதனைக்காலம் வந்தது. அதே ஆண்டுக் கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் சிறப்புத் தேவையுள்ள மாணவரில் 75 விழுக்காட்டினரைப் பொது வகுப்பில் சேர்க்கக் குறிவைத்தது. யாரையும் திருப்பி அனுப்பாத கொள்கை 2019இல் வந்தது. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

ஆனால் சிறப்பு வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பத்தில், தம்பியின் வேன் தமிழ்ப்பள்ளிக்கும் அண்ணனின் வேன் தேசியப்பள்ளிக்கும் கிளம்புவது சாதாரணம். முதலில் வருவது எந்த வேன் என்று வாசலில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும்.

(தொடரும்)