"டீசல் என்றால் லாபம்": ஒரு பேச்சின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய டீசல் வேனோ காரோ வாங்கக் காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் இறுதிவரை வாசியுங்கள். மற்றவர்கள் அப்படி ஒருவரைத் தெரிந்தால் அவருக்கு அனுப்புங்கள்.

வளைகுடாவில் எட்டு வருடம் உழைத்து ஊர் திரும்பிய தம்பி ஒருவர், டவுன்ஏஸ் லொட்டோ வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். உம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப் போகலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கலாம், இடையில் ஹயரும் ஓடலாம் என்பது அவருடைய கணக்கு. எங்களையும் கூட்டிப் போனார். நாங்கள் கதவைத் திறந்து பார்த்தோம், சீட்டைத் தட்டிப் பார்த்தோம், ஏசியைப் போட்டுப் பார்த்தோம். "எடுங்க தம்பி, டீசல் என்றால் லாபம்தானே" என்று சொல்லிவிட்டு வந்தோம். ரேடியேட்டர் மூடியை ஒருவரும் திறக்கவில்லை.

மூன்றாவது மாதம், மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது வேன் கொதித்து நின்றது. ஹெட் வெடித்திருந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போய்த்தான் வேன் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது. விற்றவருக்கு அந்த நோய் முன்பே தெரிந்திருந்தது என்பது பிறகுதான் கதையாக வந்தது.

அந்தத் தம்பி எங்களை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் சொன்ன அந்த ஒரு வரி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. டீசல் என்றால் லாபம் என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்தது யார்? அது எப்போது உண்மையாக இருந்தது? இப்போதும் உண்மையா? தேடிப் பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் எஞ்சினின் கதை. 1858இல் பாரிஸில் பிறந்த ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல், 1897இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் பிளக் நெருப்புப் பொறி கொடுக்கும். டீசலில் அது இல்லை. காற்றை மிக இறுக்கமாக அமுக்கும்போது வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சின் காற்றைப் பத்தில் ஒரு பங்களவுக்கு அமுக்குகிறது என்றால், நாம் ஓட்டும் பழைய டீசல்கள் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்குகின்றன. எண்ணெய் மிச்சமாவதும் இதனால்தான். ஹெட், கேஸ்கட், ரிங் ஆகியவற்றின் மேல் அவ்வளவு பாரம் விழுவதும் இதனால்தான். லாபமும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இந்த எஞ்சின் முதலில் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும்தான் போனது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வந்த பிறகே மக்கள் வாங்கும் காருக்குள் நுழைந்தது. அதை விரும்பி வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் டாக்ஸிக்காரர்கள். அதாவது ஆரம்பத்திலிருந்தே டீசல், நாள் முழுவதும் ஓடுகிறவனின் எஞ்சின். அதிகம் ஓடினால் மட்டுமே அதன் கூடுதல் விலையும் செலவும் மீண்டு வரும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், ஜப்பானில் பாவித்த வாகனங்கள் ரீகண்டிஷன் என்ற பெயரில் வந்திறங்கின. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று வருடத்திலும், அதன் பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவைப் பார்த்து, அங்கே பலர் நல்ல வாகனத்தையும் சீக்கிரமே கைவிட்டார்கள். நமக்கு வந்தது அது. ஷெல், டொல்பின், லொட்டோ என்று நாமே பெயர் வைத்து அவற்றைக் குடும்பத்தில் ஒருவராக்கிக்கொண்டோம். கல்யாணம், மையித்து, ஹஜ்ஜுக்கு வழியனுப்புதல், கொழும்புப் பயணம் எல்லாம் அந்த வேன்களில்தான் நடந்தன.

அந்தக் காலத்தில் டீசல் உண்மையாகவே லாபம். பஸ், லொறி, உழவு இயந்திரம், ஆழ்கடல் படகு எல்லாம் டீசலில் ஓடுவதால் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசாங்கங்கள் அதன் விலையைக் குறைத்தே வைத்தன. பெற்றோல் வசதியானவர்களின் எண்ணெய் என்று கருதப்பட்டது. 2021 ஜூனில்கூட பெற்றோல் லீற்றர் 157 ரூபாய், டீசல் 111 ரூபாய். நம் வாப்பாமார் டீசல் வாங்கியது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த லாபத்தில் பெரும்பங்கு எஞ்சினிலிருந்து வரவில்லை, அரசாங்கம் போட்ட விலையிலிருந்து வந்தது.

2022இல் அந்த அடித்தளம் உடைந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. ஒக்டோபர் 17ஆம் திகதி பெற்றோல் 370க்கு இறங்கியபோது டீசல் 415இல் நின்றது. டீசல் பெற்றோலை விட விலை கூடிய நாளையும் நாம் பார்த்துவிட்டோம்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம். டீசல் வண்டி லீற்றருக்கு 14, பெற்றோல் வண்டி 12 என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜூன் விலையில் டீசலுக்குச் சுமார் 7,930 ரூபாய், பெற்றோலுக்குச் சுமார் 13,080 ரூபாய். மிச்சம் 5,000 ரூபாய்க்கு மேல். 2022 ஒக்டோபர் விலையில் டீசலுக்கு 29,640, பெற்றோலுக்கு 30,830. மிச்சம் 1,200 ரூபாயும் இல்லை. அதே காலத்தில் நொசில், பம்ப், ஹெட் எல்லாம் டொலரோடு சேர்ந்து ஏறிவிட்டன. விலை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வாங்கும் நாளின் விலையை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்தது, நாம் வாங்கும் அந்த வாகனத்தின் சொந்த வரலாறு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் ஊரில் இருந்த வாகனமே கைமாறிக் கைமாறி ஓடியது, விலையும் ஏறியது. இன்று சந்தையில் நிற்கும் லொட்டோ, டொல்பின் எல்லாம் ஏறக்குறைய இருபத்தைந்து, முப்பது வயதைக் கடந்தவை. டீசலின் லாபத்தை முதல் இரண்டு மூன்று உரிமையாளர்கள் எடுத்து முடித்திருப்பார்கள். தேய்மானம் மட்டும் நம் பங்குக்கு வரும்.

அது என்ன குடித்தது என்பதும் முக்கியம். 2022 ஓகஸ்ட் 1 முதல் டீசல் 430 ரூபாய். அதே மாதம் மூன்றாம் வாரம் வரை மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான், பிறகுதான் 340 ஆனது. அந்த இடைவெளியில் எத்தனை டாங்கிகளில் மண்ணெண்ணெய் கலந்தது என்பது ஊருக்குத் தெரியும். பழைய டீசல் பம்ப் டீசலின் வழவழப்பால்தான் தேயாமல் ஓடுகிறது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. அன்று மிச்சம் பிடித்தவர் ஒருவர், இன்று பம்ப் செய்யக் காசு தேடுபவர் வேறொருவர்.

புகையையும் லேசாக எடுக்க வேண்டாம். 1999இல் டோக்கியோ ஆளுநரான ஷின்டாரோ இஷிஹாரா, டீசல் கரியை ஒரு போத்தலில் அடைத்துப் பத்திரிகையாளர் முன் குலுக்கிக் காட்டியவர். 2003 ஒக்டோபரிலிருந்து டோக்கியோவிலும் அயல் மாகாணங்களிலும் கரி அளவு கூடிய டீசல் லொறி, பஸ்களுக்குத் தடை வந்தது. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தியது. பள்ளிக்கூட வாசலில் அந்தப் புகைக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் இறங்குகிறார்கள். 2008இல் நம் நாட்டிலும் புகைப் பரிசோதனை வந்தது. பரிசோதனை நாளுக்கு மட்டும் பம்பைக் குறைத்து, மறுநாள் கூட்டிவிடும் வழக்கமும் கூடவே வந்தது. ஆகவே அந்தச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு, நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்தில் இருப்பவருக்கு, நன்றாகப் பராமரித்த, டர்போ இல்லாத பழைய எஞ்சின் இன்றும் நல்ல உழைப்பாளி. அதன் பம்பை நம் ஊரிலேயே திறந்து செய்யலாம். கே.டி.எச். போன்ற கொமன் ரெயில் வாகனங்களில் எண்ணெய் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் போகிறது. அங்கே ஒரு இன்ஜெக்டர் கெட்டாலே செலவு வேறு மாதிரி. கிழமைக்கு இரண்டு தடவை சந்தைக்கும் பள்ளிக்கும் போய் வருபவருக்குச் சின்னப் பெற்றோல் கார் போதும்.

வாங்கப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள்:

1. காலையில் போங்கள். எஞ்சினை முன்பே சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல நோயை மறைக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் அது ஹீட்டர் பிளக்காகவும் இருக்கலாம், கம்ப்ரெஷன் இறங்கியதாகவும் இருக்கலாம்.

2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால், ஸ்டார்ட் செய்த பின் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஹெட்டிலோ கேஸ்கட்டிலோ சந்தேகம். டர்போ போட்ட 2சி-டி எஞ்சினில் ஹெட் வெடிப்பது பெயர் போன நோய்.

3. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை பொங்கி வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

4. புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் நொசில், பம்ப் அல்லது எயார் ஃபில்டர். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

5. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

6. சி.ஆர். புத்தகத்தில் சேசி நம்பரும் எஞ்சின் நம்பரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நம்பர் பிளேட் சொல்வது இலங்கையில் பதிந்த காலத்தை. உற்பத்தி ஆண்டு வேறு.

7. வாகன விலைக்கு மேல், முதல் வருடத் திருத்தத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் அந்த வாகனத்துக்கு உங்களிடம் இன்னும் காசு சேரவில்லை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தடித்த ஒயில் ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும், ரேடியேட்டருக்குள் பவுடர் போட்டு ஓட்டையை அடைப்பதும், மீற்றரைக் குறைப்பதும் வியாபாரத் திறமை அல்ல. பொருளின் குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஹராம். மறைத்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. குறையைச் சொல்லி ஐம்பதாயிரம் குறைத்து விற்பதில் இருக்கும் பரக்கத், மறைத்து விற்ற காசில் இராது.

கடைசியாக, நம்மைப் போன்று கூடப் போகிறவர்களுக்கு. யாராவது வாகனம் பார்க்க அழைத்தால், நல்ல மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அவருடைய ஒரு நாள் கூலி, ஒரு ஹெட்டின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாங்கள் அன்று அதைச் சொல்லியிருந்தால், அந்தத் தம்பி வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது.

அல்லாஹ் நம் உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.