அம்மாச்சியோட 1918: பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஒரு பவுன்

இந்த எபிசோடு என் அம்மாச்சியோட ஒரு காசுல ஆரம்பிக்குது.

அம்மாச்சி சங்கிலியில ஒரு ராஜா தலைக் காசு தொங்குமாம். எண்பதுகள்ல மாமாவோட காலேஜ் ஃபீஸுக்காக அதை வித்துட்டாங்க. கடையில எடை போட்டு, அன்னைக்கு ரேட்டைச் சொல்லி, பணத்தை எண்ணிக் குடுத்தாங்க. எந்த வருஷத்துக் காசுன்னு யாரும் பாக்கல. அம்மாச்சிக்கு மட்டும் ஞாபகம் இருக்கு: குதிரைக்குக் கீழ 1918.

அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்னு எனக்கு ஆசை. ஆசைப்பட்டதுல பதினைந்தாயிரம் ரூபாய் போச்சு. அந்தக் கதையைச் சொல்றதுக்கு முன்னாடி காசைப் பத்திக் கொஞ்சம்.

நாம தினமும் சொல்ற 'சவரன்' ஒரு எடை மட்டும் இல்ல. அது சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு. அதோட மதிப்பு ஒரு பவுண்டு, அதனாலதான் 'பவுன்'. எடை 7.988 கிராம், 22 காரட், அதாவது சுத்தத் தங்கம் 7.32 கிராம். நாம அதை 8 கிராம்னு ரவுண்டு பண்ணிக்கிட்டோம். முதல் உலகப் போர் நேரத்துல லண்டனுக்கும் இந்தியாவுக்கும் நடுவுல தங்கத்தைக் கப்பல்ல அனுப்புறது ஆபத்தா இருந்தது. அதனால பம்பாய்லயே ராயல் மின்ட்டோட ஒரு கிளையைத் திறந்தாங்க. 1918-ல் முதல்ல 15 ரூபாய் மோஹர், அப்புறம் சாவரின், சுமார் 13 லட்சம். லண்டன் காசுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம்: வருஷத்துக்கு மேல, குதிரை நிக்கிற தரைக்கோட்டுல, பொடியா 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. பிரிட்டிஷ் ஆட்சியில இந்தியாவுல அடிச்ச சாவரின்ல இருக்குறது அந்த ஒரு வருஷம்தான்.

இப்போ என் கதை. ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். பம்பாய் 1918, கிரேடு பண்ணின காசு. சீல் வெச்ச பிளாஸ்டிக் டப்பா, உள்ள லேபிள், லேபிள்ல கிரேடு, சான்றிதழ் நம்பர். நான் இன்ஜினியர் இல்லையா, நம்பரை கிரேடிங் கம்பெனி தளத்துல போட்டுப் பார்த்தேன். பச்சை விளக்கு. உடனே அட்வான்ஸ் அனுப்பிட்டேன். ராத்திரி சும்மா இருக்காம, தளத்துல இருந்த போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். அதுல ராஜா கன்னத்துல ஒரு கீறல் இருக்கு. எனக்கு வந்த போட்டோவுல இல்ல. நம்பர் நிஜம், காசு வேற. கேட்டதும் அந்த ஆள் என்னை பிளாக் பண்ணிட்டார்.

தூக்கம் போனதால தோண்ட ஆரம்பிச்சேன். இந்த டப்பா எங்கிருந்து வந்தது?

கிரேடிங் அமெரிக்கக் கதை. அங்க ரொம்ப காலமா காசோட தரத்தைச் சொன்னது வியாபாரியேதான். அதே காசு அவர் வாங்கும்போது சுமார், விக்கும்போது பிரமாதம். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் கொண்டு வந்தார். இன்னைக்கு எம்.எஸ். 65, எம்.எஸ். 70னு சொல்றது அதோட வாரிசுதான். ஜிம்ல டிரெய்னர் உங்களை 'எக்டோமார்ஃப்'னு சொல்லியிருப்பாரே, அந்த வார்த்தையும் இவரோடதுதான். ஆளுங்களையும் காசுகளையும் வகை பிரிச்ச மனுஷன். அவர் 1977-ல் இறந்த பிறகுதான் இன்னொரு விஷயம் வெளிய வந்தது. நியூயார்க்ல அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டி சேகரிப்புல இருந்த நல்ல காசுகளை எடுத்துட்டு, தன்கிட்ட இருந்த மட்டமான காசுகளை அங்க வெச்சிருக்கார். நூத்துக்கும் மேல. தரத்துக்கு அளவுகோல் போட்டவரே மாத்தி வெச்சவர்! இதைப் படிச்சிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா சிரிச்சேன்.

1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த வருஷம் என்.ஜி.சி. காசை மூணாம் ஆள் பாப்பாங்க, டப்பாவுல அடைச்சு சீல் வெப்பாங்க, கம்பெனி உத்தரவாதம் குடுக்கும். நல்ல டிசைன்தான். ஆனா இதைத் தொடங்கினவங்களும் காசு வியாபாரிகள்தான். டப்பாவுக்குள்ள இருந்தா போதும், கண்ணால பாக்காமலே வாங்கலாம்னு முதலீட்டுப் பணம் கொட்டுச்சு. 1990-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், கிரேடிங் முழுக்கப் புறவயமானதுன்னு பி.சி.ஜி.எஸ். செஞ்ச விளம்பரம் மேல கேஸ் போட்டது, சமரசத்துல முடிஞ்சது. 2007-ல், என்.ஜி.சி.யைத் தொடங்கின ஜான் அல்பனீஸே, டப்பாவுக்குள்ள இருக்குற காசை மறுபடி பார்த்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டுற சி.ஏ.சி. என்ற கம்பெனியை ஆரம்பிச்சார். டெஸ்ட்டுக்கே டெஸ்ட் எழுதுற மாதிரி. 2008 வாக்குல டப்பாவே போலியா வர ஆரம்பிச்சது, நிஜமான நம்பரோட.

அப்போ டப்பாவை விட்டுட்டு, தங்கத்தைச் சோதிச்சா போதாதா? போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாவரினுக்கு ஐரோப்பாவுலயும் மேற்கு ஆசியாவுலயும் தங்க விலைக்கு மேல கிராக்கி. லண்டன்ல அடிக்கிறதை நிறுத்தியிருந்தாங்க. இத்தாலியிலயும் லெபனான்லயும் ஆளுங்க சாவரின் அடிச்சாங்க, நல்ல தங்கத்துலயே. லாபம் தங்கத்துல இல்ல, அந்த முகத்துக்குக் கிடைக்கிற கூடுதல் விலையில. ராயல் மின்ட் 1957-ல் மறுபடி அடிக்க ஆரம்பிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். லண்டன் 1917 காசு ரொம்ப அபூர்வம். ஆனா போலி 1917 தாராளமா கிடைக்கும். நகைக்கடை மெஷின்ல வெச்சா 22 காரட்னு சரியாவே காட்டும். பொய் சொல்றது வருஷம் மட்டும்தான்.

அதனால கடைசியில மனுஷங்ககிட்டதான் வந்து நிக்கணும். நம்ம நாட்டுல ஒரு விஷயத்தை முதல்லயே கேக்கலாம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள். அதை வியாபாரமா விக்க உரிமம் வேணும். 1918 காசு அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு. மூணு பேர்கிட்ட உரிமம் பத்திக் கேட்டேன். ரெண்டு பேர் அதுக்கப்புறம் பதில் போடல.

மூணாவது ஆள் பாரிமுனைப் பக்கம் ஒரு பெரியவர். உரிமத்தை எடுத்துக் காட்டினார். தராசையும் லென்ஸையும் என் பக்கம் தள்ளி, "நீங்களே பாருங்க தம்பி"ன்னார். 7.97. லென்ஸ்ல காசோட விளிம்பைக் காட்டினார். மேல ஒரு இடத்துல மழுங்கின தடம்.

"பத்த வெச்ச தடம். நகையில இருந்திருக்கு. இதை அமெரிக்காவுக்கு அனுப்பினா கிரேடு நம்பர் தர மாட்டான், சேதம்னு எழுதிடுவான். அதனால கலெக்டர் விலை சொல்ல மாட்டேன். தங்க விலைக்கு மேல கொஞ்சம்தான்."

"நாளைக்கே திருப்பிக் கொண்டு வந்தா எவ்வளவு தருவீங்க ஐயா?"

யோசிக்கவே இல்ல. பில் பின்னாடி ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெண்டு விலைக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் என் அட்வான்ஸை விடக் கம்மி. வாங்கிட்டேன்.

ஊருக்குப் போய் அம்மாச்சி கையில குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ராஜாவை விட்டுட்டு நேரா குதிரைப் பக்கம் திருப்பினாங்க. வருஷத்தை விரலால தடவிப் பார்த்தாங்க. அப்புறம் விளிம்பைச் சுத்தி நகத்தை ஓட்டி, அந்த மழுங்கின இடத்துல நிறுத்தி, "வளையத்தை எங்கடா கழட்டுன?"ன்னாங்க.